இரண்டு கையால் வாங்கிய வானம்

லொங்வே போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏப்ரல் முடிகிற சமயம். மழை ஓய்ந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. எட்டு மணிக்கு வர வேண்டிய படகு பத்தரைக்குத்தான் வந்தது. அதுவரை அவன் கசோவா முனையின் மணலில் தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து அவித்த நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில், அவனோடு வானிலை நிலையத்தில் வேலை பார்த்த ஞாகாயிரா நின்றாள். உரித்த கடலையில் பாதியை அவள் கையில் போட்டான்.

"விமான நிலையத்துல ஆளே இல்லையாம், அக்கா. பதினோரு பேர் இருக்க வேண்டிய இடத்துல நாலு பேராம்."

"இங்க அஞ்சு பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பேர் இருந்தோம். இனி நான் ஒருத்தி. யாருக்குப் பஞ்சம்னு நீயே சொல்லு."

"அங்க விமானம் இறங்குதே அக்கா."

"இங்க கொக்குதான் இறங்குது, ஒத்துக்கறேன். ஆனா அங்க பாரு." அவள் கடலைத் தோலைக் கரையில் கிடந்த தோணிகளின் பக்கமாக வீசினாள். "அதெல்லாம் கொக்கா?"

அவன் இன்னொரு கடலையை உரித்தான். மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவன் அவன் இல்லை. படகு முனையைத் திரும்புவது தெரிந்ததும் இருவரும் எழுந்து நிலையத்தின் வேலியோரம் போய் நின்றார்கள்.

கசோவா முனை வானிலை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வேலை நேரம் முடிந்து போகிறவர் பதிவேட்டில் எழுதிவிட்டு அப்படியே நடையைக் கட்டக் கூடாது. கருவிகளுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து நின்று, வருகிறவரிடம் வானத்தை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். வருகிறவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை இருமுறை மெல்லத் தட்டி, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கரையில் எதையும் அப்படித்தான் வாங்குவார்கள், ஒரு பிடி உப்பானாலும். ஒற்றைக் கையால் எடுத்ததைக் கீழே போடலாம், மறக்கலாம். இரண்டு கையால் வாங்கியதை இன்னொருவர் கையில் சேர்க்கிற வரைக்கும் அது உங்கள் பொறுப்பு.

"மேல பஞ்சு மேகம், கால்வாசி," என்றான் லொங்வே. "காத்து தெற்குலேருந்து, இலை ஆடுற அளவு. ஏரி வெளுப்பா கெடக்கு. வச்சுக்குங்க அக்கா."

"வாங்கிக்கிட்டேன்."

படகு போய் மறைந்த பிறகும் ஞாகாயிரா அங்கேயே நின்றாள். பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் வேலை நேரம் முடிந்தது. வழக்கப்படி வேலியோரம் போனாள், ஏரியைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். எதிரில் ஒரு ஆட்டுக்குட்டி வேலிக் கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

வானம் அவள் கையிலேயே தங்கிவிட்டது.

*

அவள் இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தவள். இப்போது நாற்பத்தெட்டு. மலைப்பக்கத்துக்காரி, காயிரா வீட்டுப் பெண் என்பதால் இங்கே எல்லோருக்கும் ஞாகாயிரா. அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் ஜோகன்னஸ்பர்க்குக்குச் சுரங்க வேலைக்குப் போனான். முதலில் கடிதமாக வந்தான், பிறகு ஊர்க்காரர்கள் கொண்டுவந்த செய்தியாக வந்தான், பிறகு வரவில்லை. அவள் அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க அழுதாள் என்றும், அந்த மழைக்காலத்திலும் மழைமானியை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்றும் கரையில் சொல்வார்கள்.

அவள் வந்தபோது நிலையத்தில் ஐந்து பேர். ஒருவர் ஓய்வு பெற்றார், அந்த இடம் அப்படியே நின்றது. ஒருவர் காய்ச்சலில் போனார். ஒருவன் மேல்படிப்புக்கு வெளிநாடு போய், அங்கே பனி பெய்கிற படம் ஒன்றை அனுப்பினான், அதோடு சரி. ஒவ்வொரு முறையும் தலைமை அலுவலகம் "விரைவில் ஆள்" என்றது. நாற்காலிகள் மட்டும் ஐந்தும் இருந்தன. கரையான் அரிக்காமல் இருக்க அவள் அவற்றை மாதம் ஒருமுறை வெயிலில் வைப்பாள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அளவெடுக்க வேண்டும். அதிகாலை இரண்டு, ஐந்து, காலை எட்டு, பதினொன்று, பிறகும் அப்படியே, நாள் முழுக்க எட்டு தடவை. வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகள், மழைமானி, காற்றழுத்தம், காற்றின் திசை, மேகம். எழுதி, ரேடியோவில் தலைமை அலுவலகத்துக்கு எண்களாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சாவுலா என்று ஒரு குரல் "கிடைச்சது" என்று சொல்லும். இருபது வருடமாக அந்தக் குரலைக் கேட்கிறாள், முகம் தெரியாது.

இதெல்லாம் ஒருத்தி செய்துவிடலாம். சிரமப்பட்டுச் செய்துவிடலாம். அவளைக் கலங்க வைத்தது கொடி மரம்.

மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை தென்கிழக்கிலிருந்து ம்வேரா என்கிற பேய்க்காற்று வரும். சொல்லிவிட்டு வராது. ஏரி பால்போல இருக்கும்போதே, தெற்கே தண்ணீரும் வானமும் சேர்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். அதைப் பார்த்ததும் சிவப்புக் கொடியை ஏற்றினால், சாயங்காலம் விளக்கோடு உசிப்பா மீனுக்குக் கிளம்பும் மரத்தோணிகள் திரும்பிவிடும். பார்க்காவிட்டால் இல்லை. எண்களை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம்; கோட்டை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்போதும் என்றால் குறைந்தது இரண்டு ஜோடிக் கண்.

"இன்னும் ஒரே ஒரு ஆள்," என்று ஒவ்வொரு மாத முதல் தேதியிலும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். "காற்றுக்காலம் முடிவதற்குள்." ஜூலையில் பதில் வந்தது. மீன் காயப்போடும் தட்டிகளுக்கு நடுவே நின்று அதை ஞாசோக்கோவுக்குப் படித்துக் காட்டினாள்.

"தங்கள் நிலையப் பதிவுகளில் எந்தக் குறையும் காணப்படவில்லை. ஆகவே கூடுதல் பணியாளர் தற்போது அவசியமில்லை எனக் கருதப்படுகிறது. பதிவுகளில் விடுபடல் ஏற்படும் நிலையங்கள் மூடப்படும் என்பதையும் நினைவூட்டுகிறோம்."

ஞாசோக்கோ தட்டியில் உசிப்பாவைப் பரப்புவதை நிறுத்தினாள். அவள் ஞாகாயிராவுக்கு அத்தை மகள் முறை. அந்த முறையில் கேலி பேசாமல் இருந்தால்தான் மனத்தாங்கல் என்று அர்த்தம்.

"ஒழுங்கா செஞ்சா ஆள் வேண்டாம்கிறான். ஒழுங்கா செய்யலன்னா இடமே வேண்டாம்கிறான். உங்க ஆபீஸ் எங்க மாமியார்கிட்ட பாடம் படிச்சிருக்குமோ மதினி?"

"சிரிக்காத."

"நான் எங்க சிரிக்கிறேன்? எங்க வீட்டுக்காரர் அந்தத் தோணியில போறாரு. நான் சிரிப்பேனா?" சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு செய். ரெண்டு நாள் படுத்துத் தூங்கு. எண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பதறியடிச்சு ஆள் அனுப்புவான்."

"மூடிட்டா?"

"மூடிட்டா என்னோட வந்து மீன் காயப்போடு. ஆனா உன் நாத்தம் மீனுக்கு ஆகுமான்னு கேட்டுத்தான் சொல்லணும்."

*

தூக்கத்தைத் துண்டு துண்டாகத் தூங்குகிறவர்களுக்கு ஒன்று நடக்கும். விழிப்பும் தூக்கமும் ஒரே வீட்டின் இரண்டு அறைபோல ஆகிவிடும். நடுவில் கதவு இருக்காது. ஞாகாயிரா படுத்த உடனே எழுந்து அளவெடுக்கப் போவாள். புல்லில் பனி காலை நனைக்கும். வெள்ளைப் பெட்டியைத் திறப்பாள். இருபத்தொன்று என்று படிப்பாள். அப்போது அலாரம் அடிக்கும். அவள் இன்னும் கட்டிலில்தான் கிடப்பாள். எழுந்து போனால் பனி காலை நனைக்கும். பெட்டியைத் திறந்தால் இருபத்தொன்று. இது எது?

ஏரியின் மேல் பூச்சிக் கூட்டங்கள் எழும்பும் நாட்களில் இன்னும் மோசம். கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பூச்சிகள் தண்ணீரிலிருந்து தூண் தூணாகப் புறப்பட்டு, புகைபோல வளைந்து, கரையை நோக்கி நடந்து வரும். அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு தூண் நின்று அவளைத் திரும்பிப் பார்க்கும். தான் விழித்திருக்கிறோமா என்று அவளால் சொல்ல முடியாது.

ஆனால் சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்தாள். கனவில் நிலையத்துக்கு ஆள் பற்றாக்குறை கிடையாது. கனவில் ஐந்து நாற்காலியிலும் ஐந்து பேர் இருந்தார்கள். லொங்வே படியில் உட்கார்ந்து கடலை உரிப்பான். காய்ச்சலில் போனவர் பென்சில் சீவுவார். பனிநாட்டுக்குப் போனவன் சட்டையில் பனியோடு வந்து மேகத்தை எண்ணுவான். யாராவது ஒருவர் எப்போதும் தேநீர் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வாசனை வராந்தா முழுக்க இருக்கும். அவள் வேலியோரம் போய் வானத்தை ஒப்படைப்பாள். யாராவது இரண்டு கையால் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் கனவுக்குள்ளேயே போய்ப் படுத்து, கனவுக்குள்ளேயே ஆழ்ந்து தூங்குவாள். அதைவிடச் சுகமான தூக்கத்தை அவள் அறிந்ததில்லை.

ஆகவே விதி எளிது. சுற்றிப் பார்க்க வேண்டும். யாரும் இல்லையா, விழித்திருக்கிறாள், வேலையைப் பார்க்கலாம். ஆள் இருக்கிறார்களா, கனவு. எதுவும் செய்ய வேண்டியதில்லை. மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் அந்த விதி ஒருமுறைகூடப் பிசகவில்லை.

*

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் ஞாகாயிரா கிணற்றடிக்குப் போனபோது ஞாசோக்கோவுக்குக் காலை வணக்கம் சொன்னாள். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி சொன்னாள். வாளியை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவை சொன்னாள். மூன்று தடவையும் முழங்காலை மடக்கி, கைதட்டி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று முறையாக விசாரித்தாள்.

ஞாசோக்கோ அன்று கேலி பேசவில்லை. மத்தியானம் மீன் தட்டிகளை மூடிவிட்டு, கூட மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மரவள்ளி மாவுப் பையும் பானையும் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். சமைத்துப் போட்டு, உட்கார்த்தி வைத்துச் சாப்பிடச் செய்து, ஒரு மணி நேரமாவது படுக்க வைப்பது என்று ஏற்பாடு. வராந்தாவில் வெயிலுக்கு வைத்திருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கெட்டிலில் தேநீர் வைத்தாள்.

ஞாகாயிரா இரண்டு மணி அளவை எடுத்து, எழுதி, ரேடியோவில் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தேநீர் வாசனை. படியில் ஒருத்தி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தாள். தன்னோடு சேர்த்து ஐந்து பேர்.

ஆ, என்று நினைத்தாள். தூங்கிவிட்டேன்.

உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல இருந்தது. சந்தோஷமாக வேலியோரம் நடந்தாள். ஏரி பால்போலக் கிடந்தது. தெற்கே கோடு தெரிந்தது. கனவில்கூட அது எவ்வளவு நேர்த்தியாக விழுகிறது என்று வியந்தாள். திரும்பி, களி கிண்டும் துடுப்போடு நின்ற ஞாசோக்கோவைக் கூப்பிட்டாள். கனவில் அவள் எப்போது வேலைக்குச் சேர்ந்தாள் என்று யோசிக்கவில்லை. கனவில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

"வா, வந்து வாங்கிக்க," என்றாள்.

"எதை மதினி?"

"மேகம் அரைக்கால். காத்து சுத்தமா இல்லை. ஏரி அசையல. தெற்கே பாரு, தண்ணிக்கு மேல ஒரு கறுப்புக் கோடு. இப்ப ஒரு விரல் கனம். அதையே பாத்துக்கிட்டு இரு. ரெண்டு விரல் ஆச்சுன்னா சிவப்பை ஏத்திடு. யார் என்ன சொன்னாலும் எறக்காத."

படியில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள். ஞாசோக்கோவும் சிரிக்க வாயெடுத்தாள். ஆனால் ஞாகாயிரா இரண்டு கையையும் குவித்து நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு தூங்கும் குழந்தையின் அமைதி இருந்தது. ஒருவர் இரண்டு கையால் நீட்டினால் வாங்காமல் நிற்க அந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. ஞாசோக்கோ துடுப்பைப் பானைமேல் குறுக்காக வைத்தாள். ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். முழங்காலை மடக்கி, இருமுறை கைதட்டி, கையை நீட்டினாள்.

"வாங்கிக்கிட்டேன்."

ஞாகாயிரா உள்ளே போய்ப் படுத்தாள்.

*

விழித்தபோது அறை சாம்பல் நிறமாக இருந்தது. பெரிய சத்தம் ஒன்று நிற்காமல் கேட்டது. சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியானால் விழித்திருக்கிறோம் என்று முறைப்படி முடிவு செய்தாள். அதிகாலை மணி ஐந்தாக இரண்டு நிமிடம். வழக்கம்போல எழுந்து பதிவேட்டைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு. அவள் கையெழுத்து. அதற்குக் கீழே ஐந்து மணிக் கட்டம் காலி. எட்டு மணி காலி. பதினொன்று காலி. அதிகாலை இரண்டு காலி.

அப்போதுதான் அந்தச் சத்தம் என்ன என்று அவளுக்குப் புரிந்தது. ஏரி.

வெறுங்காலோடு ஓடினாள். ம்வேரா முகத்தில் அறைந்தது. கருக்கலில் அலைகள் வரிசை வரிசையாக வெள்ளையாய் எழும்பி உடைந்தன. கொடி மரத்தின் உச்சியில் சிவப்புக் கொடி பாதி கிழிந்து படபடத்தது. மரத்தின் அடியில் இடுப்பில் சுற்றும் சித்தெஞ்சேத் துணியைத் தலையோடு போர்த்துக்கொண்டு ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது. கொடிக் கயிற்றின் நுனி அந்த மூட்டையின் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது.

"தோணி!" என்றாள் ஞாகாயிரா.

"பதினொண்ணும் மணல்ல கெடக்கு. எண்ணாத, நான் எண்ணியாச்சு." மூட்டை தலையைத் தூக்கியது. ஞாசோக்கோவின் கண்கள் மணல் பட்டுச் சிவந்திருந்தன. "ஏன் மதினி, இதைத்தான் நீ தெனமும் செய்யிறியா? வேற பொழப்பே கெடைக்கலயா ஒனக்கு?"

ஞாகாயிரா மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஞாசோக்கோ காற்றுக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொன்னாள். நாலு மணிக்குக் கோடு இரண்டு விரல் ஆனது. கொடியை ஏற்றினாள். அப்போதுதான் தோணிகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, 'யாரு ஏத்துனது?'ன்னு கத்துறாரு. 'நான்தான்'ங்கறேன். 'ஞாகாயிரா எங்க?'ன்னாரு. 'தூங்குறா. வானம் இப்ப என்கிட்ட இருக்கு'ன்னேன். கரையே சிரிச்சுது மதினி. 'நேத்து வரைக்கும் மீன் தட்டி, இன்னைக்கு வானமா?'ங்கறான் ஒருத்தன். 'களி கிண்டுறவ கொடிக்கெல்லாம் திரும்ப முடியாது'ங்கறாரு இவரு. 'போ, தாராளமா போ. திரும்பி வந்தா களி கெடையாது, வரலன்னா களி வேண்டியதில்ல'ன்னேன்."

"திரும்பிட்டாங்களா?"

"முணுமுணுத்துக்கிட்டே கரையில உக்காந்தாங்க. ஒரு மணி நேரம். ஏரி அப்படியே பால். எறக்கிடலாமான்னு நானே கயித்துல கைய வச்சேன். நீதான் யார் சொன்னாலும் எறக்காதன்னியே. அப்புறம் வந்துச்சு பாரு. மூணு மீன் தட்டி கூரைக்கு மேல பறந்து போச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரர் வாயே தெறக்கல. பயமா இருக்கு, அவரு இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததில்ல."

அவள் கயிற்றை அவிழ்த்தாள். மணிக்கட்டில் தடம் பதிந்திருந்தது. எழுந்து, ஏரியைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமினாள்.

"மேகம் முழுசும். காத்து, நிக்க முடியல. ஏரி கண்ணால பாக்குற மாதிரி இல்ல. எடுத்துக்க மதினி. கை வலிக்குது."

ஞாகாயிரா முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

*

ஐந்து மணி அளவை எடுத்துவிட்டு ரேடியோவைத் திறந்தாள். எண்களைச் சொன்னாள். "கிடைச்சது," என்றது சாவுலாவின் குரல்.

"அண்ணே, நேத்து சாயங்காலத்துலேருந்து நாலு வேளை நான் கூப்பிடல."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "அப்படியா? எனக்குத் தெரியலையேம்மா. இங்க அஞ்சு மேசை, நான் ஒருத்தன். எது அடிக்குது, எது அடிக்கலன்னே தெரியல." மறுபடி காகிதம் புரண்டது. "சரி, இப்பச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"என்கிட்ட இல்ல. தூங்கிட்டேன்."

"அட, சாயங்காலம் இருபத்திரண்டு, எட்டு மணிக்கு இருபது, இப்படி ஏதாவது சொல்லுங்கம்மா. எல்லாரும் சொல்றதுதான். காலியா விட்டா உங்க எடத்தை மூடிடுவாங்க. கடுதாசி வந்துச்சுல்ல?"

ஞாகாயிரா பென்சிலை எடுத்தாள். எண்கள் எளிதாகவே வந்தன. இருபத்தாறு வருட ஆகஸ்டுகள் அவள் தலையில் இருந்தன. என்ன எழுதினாலும் ஒரு பாகைக்கு மேல் தப்பாது. யாருக்கும் தெரியாது. கொடி மரம் நிற்கும். அடுத்த காற்றுக்காலத்திலும் அவள் ஒருத்தியாகவே இருப்பாள். அப்போது வராந்தாவில் யாராவது தேநீர் போட்டால், மறுபடி உள்ளே போய்ப் படுப்பாள்.

வாசலில் நின்ற ஞாசோக்கோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எழுதிடேன் மதினி," என்றாள் மெதுவாக. இந்த முறை சிரிக்கவில்லை. "கொடி போயிடுச்சுன்னா நாங்க எதைப் பாக்குறது?"

"நான் முழிச்சிருந்தேன்னு எழுதினா, ஆள் வேண்டாம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி." பென்சிலைக் கீழே வைத்துப் பேனாவை எடுத்தாள். "காலியா விடுங்க, அண்ணே."

"நெசமாவா?"

"காலியா விடுங்க."

நான்கு கட்டங்களையும் அப்படியே விட்டு, குறிப்புப் பகுதியில் எழுதினாள்: "அளவு எடுக்கப்படவில்லை. பணியாளர் ஒருவரே, தூங்கிவிட்டார். மாலை நான்கு மணிக்கு மீன் காயவைக்கும் ஞாசோக்கோ கொடி ஏற்றினார். கரையில் மூன்று மீன் தட்டிகள் பறந்தன. தோணிகள் பதினொன்றும் கரையில்." மாத முடிவில் பதிவேட்டின் படியை உறையில் போட்டுப் படகில் அனுப்பினாள்.

*

மூடுவதற்கு யாராவது வருவார்கள் என்று செப்டம்பர் முழுக்க எதிர்பார்த்தார்கள். படகிலிருந்து சப்பாத்து போட்ட கால் ஒன்று இறங்கினாலே ஞாசோக்கோ மீனை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். யாரும் வரவில்லை. மூடுவதற்கும் ஆள் வேண்டுமே என்று அவள் சொன்னாள். அவர்களிடம் அதற்கும் இருக்காது.

உதவிக்கும் யாரும் வரவில்லை. மழை வந்தது, போனது. மறுபடி மே வந்தபோது மத்தியானங்களில் நான்கு பெண்களும் முறை வைத்து வேலியோரம் வந்து வானத்தை வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டைத் தொடவில்லை. கோட்டை மட்டும் பார்த்தார்கள். ஹராவா, அதாவது ஞாசோக்கோவின் கணவன், கொடி மரத்துக்குப் புதுக் கயிறு திரித்துக் கொடுத்தான். தேநீரைப் பார்த்தால் ஞாகாயிரா தன் கையைக் கிள்ளிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை தூக்கம் கிடைத்தது. ஆனாலும் மற்ற நேரமெல்லாம் அவள் ஒருத்திதான். தலைமுடி முன்பக்கம் முழுக்க நரைத்தது. மாத முதல் தேதியில் கடிதம் எழுதுவதை மட்டும் விடவில்லை: இன்னும் ஒரே ஒரு ஆள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பதினான்கு மாதம் கழித்து, அக்டோபரில், கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஞாகாயிரா ஏறியபோது அது ஒருமுறை அதிர்ந்தது. லொங்வேயிடமிருந்து ஒரு செய்தி. வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாள்.

"அக்கா, நலமா? தலைமை அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நாடு முழுக்க எந்த நிலையத்திலும் ஒரு கட்டம் காலியில்லையாம். ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் இரண்டு நிலையங்களில்கூட இல்லையாம். நம்முடையதில் மட்டும் நாலு. அதைப் பார்த்துவிட்டு உங்கள் குறிப்பைப் படித்திருக்கிறாள். மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாளாம். அவர் முதலில் சிரித்தாராம், பிறகு மற்றப் பதிவேடுகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னாராம். திங்கட்கிழமைப் படகில் உங்களிடம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி அவளேதான். கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். படகு எட்டு மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன். பத்தரைக்குப் போய் நில்லுங்கள்."